கையில் மந்திரியும் சிப்பாயும், எதிரே வெறும் ராஜா. இது எப்படி டிரா?

13 ஜூலை 2025, இரவு 11.40

செஸ் பலகையில் என்னிடம் ராஜா, மூலைவாக்கில் மட்டும் நடக்கும் ஒரு மந்திரி, ஒரு சிப்பாய். எதிரே ராஜா மட்டும். ஆட்டம் டிரா. இது எந்த ஊர் நியாயம்?

இன்று மத்தியானம் கோலாலம்பூர் (கே.எல்) செந்தூலில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த கிளப் ஆட்டம். ஆளுக்கு 60 நிமிஷம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். எனக்கு வெள்ளை. எதிராளி அறுபது தாண்டிய ஓர் அங்கிள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கண்ணாடிக்குக் கயிறு. 36-ஆவது நகர்த்தலில் டிரா கேட்டார். ஒரு சிப்பாய் கூட வைத்திருக்கிறவன் எதற்கு டிராவுக்குச் சம்மதிக்க வேண்டும்? விளையாடலாம் அங்கிள் என்று சொல்லிவிட்டேன்.

52-இல் பலகை இப்படி இருந்தது (எழுத்து நெடுக்குக் கோடு, எண் வரிசை).

வெள்ளை: ராஜா ஈ3, மந்திரி ஈ2, சிப்பாய்கள் ஜி4, எச்3.
கறுப்பு: ராஜா ஜி6, குதிரை எஃப்6.

ஜி சிப்பாயை அப்போதுதான் ஜி3-இலிருந்து ஜி4-க்குத் தள்ளியிருந்தேன். அவர் குதிரையால் அதை வெட்டி செக் சொன்னார். அங்கே எனக்கு இரட்டைக் காவல் இருக்கிறது, எச்3 சிப்பாயும் ஈ2 மந்திரியும். இனாமாக ஒரு குதிரை! மந்திரியால் வெட்டினேன். அந்த நிமிஷமே மனசுக்குள் பிரியாணிப் பொட்டலம் பிரித்தாகிவிட்டது.

அவர் ராஜா ஜி7 போனது, எச்8 போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஜி8, எச்8, ஜி8, எச்8. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன், திறக்கவில்லை. 71-இல் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் அவருக்கு நகர ஒரு கட்டமும் இல்லை, அதனால் டிரா.

என் மந்திரி கறுப்புக் கட்ட மந்திரி. கடைசியில் சொதப்பினேனா, அதற்கு முன்பேவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை.


13 ஜூலை, இரவு 11.58

திருத்தம். வெள்ளைக் கட்ட மந்திரி. ஈ2 வெள்ளைக் கட்டம்தான். எதிராளி கறுப்பு என்ற நினைப்பிலேயே எழுதிவிட்டேன்.


14 ஜூலை, காலை 7.20

எல்.ஆர்.டி ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன். ராத்திரி ஆட்டத்தை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். 53-க்குப் பிறகு மதிப்பு சைபர், அதாவது டிரா. எந்த நகர்த்தலைப் போட்டாலும் சைபர். அதாவது 53-லிருந்து 71 வரை நான் பட்ட பாடெல்லாம் வீண்.

காரணம் இவ்வளவு எளிது என்று தெரிந்தபோது இன்னும் எரிச்சல். மந்திரி ஆயுசு முழுக்க ஒரே நிறக் கட்டத்தில்தான் நடக்கும். என் எச் சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக வேண்டிய இடம் எச்8. பலகை வைக்கும்போது வலது கைப் பக்க மூலை வெள்ளை என்று சொல்லிக்கொடுப்பார்களே, அந்த மூலை எச்1. அதே கோட்டின் அந்தக் கோடி, எச்8, கறுப்பு. என் மந்திரி வெள்ளையில் ஓடுவது. அதனால் எச்8-இல் உட்கார்ந்திருக்கும் ராஜாவை எழுப்ப அதற்கு வக்கில்லை. மூலைக்கும் மந்திரிக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. பக்கத்துக் கட்டங்களை எல்லாம் அடைத்தாலோ ஸ்டேல்மேட். விட்டால் ராஜா ஜி8-க்கும் எச்8-க்கும் உலாத்திக்கொண்டிருக்கும்.

ஓரச் சிப்பாயாக இருந்தால்தான் இந்தத் தொல்லை. ஏ கோடு, எச் கோடு இரண்டில் மட்டும். ஜி சிப்பாயாக இருந்திருந்தால் மந்திரி எந்த நிறமானாலும் ஜெயிக்கலாம்.

மஸ்ஜித் ஜமேக். இறங்க வேண்டும்.


14 ஜூலை, மதியம் 1.05

மேலே நானே எழுதிய கடைசி வரியைச் சோறு சாப்பிடும்போது திரும்பப் படித்தேன். "ஜி சிப்பாயாக இருந்திருந்தால்."

இருந்ததே!

53-இல் மந்திரியால் வெட்டினேன். எச்3 சிப்பாயால் வெட்டியிருந்தால் அது ஜி4-க்கு வந்து ஜி சிப்பாயாகியிருக்கும். ஈ2 மந்திரி பின்னாலிருந்து காவல். அப்படியே நடத்திக்கொண்டு போனால் வெற்றி. இரண்டு காயால் வெட்டலாம், ஒன்று வெற்றி, ஒன்று டிரா. நான் எடுத்தது எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஏன் மந்திரியால் வெட்டினேன்? அப்போது என் கணக்கு இது: அவர் ராஜா ஜி6-இல், அதாவது ஜி கோட்டில் நேர் எதிரே நிற்கிறது. சிப்பாயை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனால் மறிப்பார். எச் கோட்டில் யாருமில்லை, சாலை காலி. சிப்பாய் அங்கேயே இருக்கட்டும், மந்திரி வேலையை முடிக்கட்டும்.

இப்போது எழுதிப் பார்க்கும்போதுகூட அந்தக் கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.


14 ஜூலை, இரவு 9.30

நடுவர் ஏன் முன்பே ஆட்டத்தை நிறுத்தவில்லை, கடைசியில் என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு ஒரேயடியாக.

ராஜாவும் மந்திரியும் எதிரே ராஜாவும் மட்டும் இருந்தால் அந்த நொடியே டிரா, யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்த வழியிலும் செக்மேட் வராது. சிப்பாய் ஒன்று இருந்தால் அப்படி இல்லை, எதிராளி தவறு செய்தால் மேட் வரலாம், ஆட்டம் நடக்கும். அதனால்தான் நடுவர் நிறுத்தவில்லை. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்ற விதி வருவதற்கும் வெகுதூரம் இருந்தது. சிப்பாய் நகர்ந்தாலோ காய் வெட்டுப்பட்டாலோ எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நான்தான் எச்4, எச்5, எச்6 என்று தள்ளிக்கொண்டே இருந்தேனே.

கடைசி நிலை: என் ராஜா ஜி6, சிப்பாய் எச்6, மந்திரி ஈ6-இலிருந்து செக். அவர் ஜி8-இலிருந்து எச்8-க்குப் போனார். நான் எச்7 தள்ளினேன். ஸ்டேல்மேட். தெரிந்தேதான் தள்ளினேன், களைத்துவிட்டது. பக்கத்து மேசைகளில் நாற்காலி அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.


15 ஜூலை, இரவு 10.10

அண்ணனுக்கு போனில் சொன்னேன். ஈப்போவில் இருக்கிறார், எனக்கு செஸ் கற்றுக்கொடுத்ததே அவர்தான். "மந்திரியும் சிப்பாயும் இருந்து டிராவா? நீ என்னத்த படிச்ச?" என்றார். விளக்கினேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் சொல்றது" என்றார். குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருமே கிராண்ட்மாஸ்டர்கள். அந்தக் கடைசி ஆட்டமும், 2024 டிசம்பர் 12, டிராவாக வேண்டியதுதான். டிங் லிரன் 55-இல் யானையை எஃப்2-க்கு வைத்தார், முடிந்தது கதை. அவருக்கு ஒரு நகர்த்தலில் டிரா போனது, எனக்கு ஒரு நகர்த்தலில் வெற்றி போனது என்று அண்ணனிடம் சொன்னேன். "டிங் லிரனோட உன்ன சேக்காத" என்றார்.

சரி, நஷ்டக் கணக்கு. என் ரேட்டிங் 1688. பெருமைப்பட வேண்டாம். 1480-ஆக இருந்தது. 2024 மார்ச்சில் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களை எல்லாம் கணக்குப் போட்டுத் தூக்கிவிட்டபோது படுத்து எழுந்ததும் 208 கூடியிருந்தது. அங்கிள் 1610. வித்தியாசம் 78, அட்டவணைப்படி என்னிடம் எதிர்பார்ப்பது 0.61. எனக்குக் கிடைத்தது 0.5. எனக்குரிய பெருக்கெண் இருபதால் பெருக்கினால் 2.2 போச்சு. ஜெயித்திருந்தால் 7.8 வந்திருக்கும். ஆக மொத்தம் ஒரு காயைத் தூக்கியதில் பத்துப் புள்ளி.


16 ஜூலை, இரவு 8.45

"மந்திரி என்றால் பிஷப்பா, ராணியா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. கே.எல்-இல் செஸ் ஆடுகிற தமிழனுக்கு இது தீராத தலைவலி.

நமக்கு மந்திரி என்றால் பிஷப். மலாயில் பழைய வழக்கப்படி மெந்தெரி என்றால் ராணி. நமக்கு யானை மூலையில் நிற்பது. மலாயில் காஜா, அதே யானைதான், ஆனால் பிஷப்பைச் சொல்வது. மூலையில் நிற்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர் தீர். அது எங்கிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய தேர். நாம் தேரை மறந்துவிட்டு அங்கே யானையை நிறுத்திக்கொண்டோம், அவர்கள் நம் தேரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். குதிரை மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் இரண்டு வீட்டிலும் குதிரை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பையன், பதினைந்து வயது இருக்கும், சிரித்துக்கொண்டே "காஜா சாலா வார்னா, பாங்" என்றான். யானை நிறம் தப்பு, அண்ணே. நான் பலகையைப் பார்க்கிறேன். யானை எங்கே இருக்கிறது? யானைகள் 40-க்கு முன்பே வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் போய்விட்டன. ஏதோ கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். நான் அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை தேடிய பதிலை அவன் அங்கேயே மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.


20 ஜூலை, மாலை 6.30

இன்று அங்கிளைப் பார்த்தேன். வேறு ஆளோடு ஆடிக்கொண்டிருந்தார், முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு வாரமாக அவரைப் பெரிய நரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஓரச் சிப்பாய், தப்பான மந்திரி, மூலை என்று எல்லாம் கணக்குப் போட்டுத்தான் குதிரையைப் பலி கொடுத்தார், நான் வலையில் விழுந்தேன் என்று.

கேட்டேன். அவர் சொன்னது அப்படியே:

"அதெல்லாம் தெரியாது தம்பி. தோக்கப் போறோம், போறதுக்கு முன்னால ஒரு செக்காவது குடுத்துட்டுப் போவோம்னு வெட்டுனேன் லா. நீ சிப்பாய்ல வெட்டியிருந்தா கை குடுத்திருப்பேன்."

நான் ஒரு வாரம் தூங்கவில்லை, அவர் செக் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்திருக்கிறார். அதாவது தெரிந்தவன் யாருமே அந்த மேசையில் இல்லை. தெரிந்தவன் நின்றுகொண்டிருந்தான், காஜா என்று சொல்லிக்கொண்டு.


21 ஜூலை, இரவு 11.15

பழையதைத் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. மனசு ஆறுவதற்கு எழுதிவைக்கிறேன்.

1971, வான்கூவர். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் எதிர் டைமனோவ், இரண்டாவது ஆட்டம். டைமனோவ் சோவியத்தின் பெரிய கை, உலக சாம்பியனுக்குச் சவால் விடும் தகுதிச் சுற்றில் ஆடுகிறார். ஃபிஷரிடம் வெள்ளைக் கட்ட மந்திரியும் எச் சிப்பாயும். டைமனோவிடம் குதிரை. என் ஆட்டத்தின் அசல் பிரதி. டைமனோவ் செய்திருக்க வேண்டியது என்ன? குதிரையை விட்டுக்கொடுத்துவிட்டு ராஜாவை எச்8 மூலைப் பக்கம் ஓட்டியிருக்க வேண்டும். 81-இல் அதற்கு வழி இருந்தது. அவர் ராஜாவை ஈ4-க்கு, எதிர்த் திசையில் கொண்டுபோனார். 89-இல் தோற்றார். அந்த மேட்சே 6-0.

செந்தூலில் ஒரு பட்டறைத் தொழிலாளி தெரியாமலே செய்ததை அவர் செய்யவில்லை. இது யாருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை. எனக்கில்லை. நான் ஃபிஷர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், அவர் ஜெயித்தார்.


27 ஜூலை, மதியம் 3.40

ஒரு விஷயம் இடிக்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் எழுதிவைப்பேன், எனக்கும் எதிராளிக்கும். விதியில் அனுமதி உண்டு, நகர்த்தல், நேரம், டிரா கேட்டது எல்லாம் எழுதலாம். 36-க்குப் பக்கத்தில் அவர் டிரா கேட்டதற்கான சமக்குறிகூட இருக்கிறது. இன்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

51-இல் அங்கிளின் நேரம் 19.20.
52-இல், குதிரையால் வெட்டி கடிகாரத்தை அமுக்கிய பிறகு, 8.40.

அரை நிமிஷக் கூடுதலையும் சேர்த்தால் அந்த நகர்த்தலுக்கு அவர் எடுத்துக்கொண்டது 11 நிமிஷம் 10 விநாடி. போகிற போக்கில் ஒரு செக் கொடுக்க பதினோரு நிமிஷமா?

அப்புறம் 70-ஐப் பாருங்கள். ஈ6-இலிருந்து செக். ஜி8-இலிருந்து அவருக்கு இரண்டு இடம், எஃப்8 அல்லது எச்8. எஃப்8 போயிருந்தால் நான் எச்7, அடுத்தது ராணி, ஆட்டம் எனக்கு. மூலையில் அடைபட்டுக் கிடப்பவன் கொஞ்சம் வெளியே வந்து மூச்சு விடலாம் என்றுதானே நினைப்பான்? அவர் யோசிக்கவே இல்லை. தாளில் அவர் நேரம் 27 விநாடி கூடியிருக்கிறது. மூன்று விநாடியில் எச்8.

தெரியாது என்று சொன்னது என் மனசு நோகக் கூடாது என்றா? நம் ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் சொல்லக்கூடியவர்கள்தான். தோற்கடித்துவிட்டு "என்னமோ அதிர்ஷ்டம் தம்பி" என்பார்கள். இங்கே அது கொஞ்சம் அதிகமாகவே நடந்துவிட்டதோ?


27 ஜூலை, இரவு 11.50

மத்தியானம் அவர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். பக்கத்துப் பத்தியில் என் நேரமும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

52-இல் என் நேரம் 14.10. 53-இல் மந்திரியால் வெட்டிய பிறகு 14.36.

நான்கு விநாடி.

14-ஆம் தேதி மதியம் இங்கே எழுதினேனே, ஜி கோட்டில் ராஜா மறிக்கும், எச் கோடு காலி, சாலை, மந்திரி வேலையை முடிக்கட்டும் என்று. அவ்வளவையும் நான்கு விநாடியில் யோசித்தேனா? இல்லை. அதெல்லாம் மறுநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் தைத்த சட்டை. நிஜத்தில் நடந்தது இது: செக் என்றார், குதிரை வந்து நின்றது, கை மந்திரியைத் தூக்கியது. தொட்ட பிறகு ஆட வேண்டியதுதான். ஏன் மந்திரி? பிஞ்சில் அண்ணன் சொன்னது, சிப்பாயைக் கலைக்காதே, பெரிய காயால் வெட்டு என்று. நல்ல புத்திமதிதான், அன்றைக்கு மட்டும் வேலைக்காகவில்லை. அல்லது அதுகூட இப்போது கண்டுபிடித்த காரணமாக இருக்கலாம். மந்திரி கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கையில் பதினான்கு நிமிஷம் இருந்தது.


28 ஜூலை, காலை 8.00

"எச்சுக்கு ஏற்ற கறுப்புக் கட்ட மந்திரி எங்கே போச்சு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 31-இல் குதிரைக்கு மாற்றிக்கொண்டேன். என் சிப்பாய்களையே முறைத்துக்கொண்டு நின்றது, தண்டச்சோறு என்று தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு அந்த மாற்றத்தில் ஆட்சேபம் இல்லை. எனக்கு இப்போது இருக்கிறது.


10 ஆகஸ்ட், இரவு 9.00

அங்கிளோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், இழுத்து ஆற்றிய டீ. பதினோரு நிமிஷத்தைப் பற்றிக் கேட்கலாம் என்றுதான் போகிறேன், கேட்க முடியவில்லை. "நீங்கள் பொய் சொன்னீர்களா" என்பதை மரியாதையாகக் கேட்கத் தமிழில் வழி இருக்கிறதா?

அவர் பூர்வீகம் பட்டர்வொர்த். பினாங்கில் 1974-இல் ஆசியக் குழு சாம்பியன்ஷிப் முதல்முதலாக நடந்தது, பிலிப்பைன்ஸ் ஜெயித்தது. அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். வீட்டில் சொல்லாமல் ஃபெர்ரி ஏறிப் போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். "பலகை தெரியல தம்பி, தலைங்கதான் தெரிஞ்சுது. ஆனா சத்தமே இல்லாம அத்தன பேரு ஒக்காந்திருந்தத நான் கோயில்லகூடப் பாத்ததில்ல." அதற்குப் பிறகு வேலைக்கு கே.எல் வந்து, செந்தூல் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியர் மூடிமேல் பலகை வைத்து ஆடியிருக்கிறார். காய் தொலைந்தால் நட்டும் போல்ட்டும். பட்டறை பத்து காஜா என்ற ஊருக்குப் போனபோது இவர் போகவில்லை. "அங்கயும் காஜா தான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

போல்ட் வைத்து ஆடியவருக்கு எந்த நிற மந்திரி என்று தெரியாமலா இருக்கும்? அல்லது அப்படி ஆடியவருக்குப் புத்தகத்து எண்ட்கேம் எல்லாம் எங்கே தெரிந்திருக்கும்? இரண்டு பக்கமும் பேச எனக்கு ஆள் வேண்டியதில்லை, நானே போதும்.


12 ஆகஸ்ட், இரவு 10.30

கிண்டல் செய்கிறவர்கள் செய்யுங்கள். ஆமாம், ஒரு டிராவுக்கு ஒரு மாதம். வீட்டில் மனைவியும் அதைத்தான் சொன்னாள். தோற்ற ஆட்டத்தை மறந்துவிடலாம், ஜெயித்ததையும் மறந்துவிடலாம். இது அரைப் பல் விழுந்த மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது.


31 ஆகஸ்ட், மாலை 5.20

மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறை, கிளப் இல்லை. ஆனாலும் அங்கிள் மாமாக் கடைக்கு வந்திருந்தார். காந்தப் பலகை ஒன்று கொண்டு வந்திருந்தார், கையகல அளவு. டிவியில் அணிவகுப்பு மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல், தாளையே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இந்த 52-க்கு 11 நிமிஷம் 10 விநாடி அங்கிள், என்ன யோசித்தீர்கள்?

கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மேலே தூக்கிப் பார்த்தார். அப்புறம் என்னை.

"ஜம்பான் போனேன் தம்பி."

கழிப்பறை. அந்தப் பள்ளியில் கழிப்பறை பின்கட்டிடத்துக்கும் பின்னால், கால்பந்துத் திடலைச் சுற்றிப் போக வேண்டும். அன்று தூறல் வேறு. அவர் வயசுக்குப் போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. வந்து உட்கார்ந்ததும் வெட்டினாராம்.

எதிரே நாற்காலி பதினோரு நிமிஷம் காலியாக இருந்ததா? எனக்கு நினைவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பிரயோஜனமில்லாமல். யோசித்து யோசித்து இப்போது ஒன்று மட்டும் மங்கலாக வருகிறது: அவருடைய ஸ்கோர் ஷீட் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பேனா குறுக்கே கிடந்தது. ஆள் இருந்தால் பேனா கையிலோ பையிலோ இருக்கும். ஆக, போயிருக்கிறார்.

"நடந்து போறப்ப யோசிச்சீங்களா?" என்றேன், விடாமல்.

"மழையில வழுக்குது, இவன் செஸ் யோசிக்கச் சொல்றான்" என்று கடைக்காரத் தம்பியிடம் சொன்னார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு தே தாரிக் வைத்துவிட்டுப் போனான்.

பேசிக்கொண்டே பலகையில் காய்களை எடுத்து வைத்தார். வெள்ளை ராஜா ஈ3. மந்திரி ஈ2. சிப்பாய் ஜி4, எச்3. கறுப்பு ராஜா ஜி6. குதிரை எஃப்6. தாளைப் பார்க்கவில்லை, அது என் கையில் இருந்தது. ஏழு வாரம் ஆகிறது. நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

பலகையைத் திருப்பி கறுப்பை என் பக்கம் தள்ளினார். "இப்ப நீ வெட்டு."

குதிரையால் ஜி4-ஐ வெட்டினேன், செக். அவர் கை மந்திரிக்கு மேலே போனது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, என்னைப் பார்த்தது. அப்புறம் எச் சிப்பாயை எடுத்து வெட்டினார். நான் மூலைக்கு ஓடினேன். இந்தத் தடவை மூலையில் ஒன்றும் இல்லை. தே தாரிக் ஆறுவதற்குள் ராணி வந்துவிட்டது.

டீக்காசு நான்தான் கொடுத்தேன்.